ஓர் ஊரைக் கையால் வரைதல்: மதுரை மாசி வீதிகளை முன்வைத்து ஒரு செய்முறை

ஓர் ஊரின் நுணுக்கமான வரைபடத்தைக் கையால் வரைய முனைபவர்களில் பலர், தமக்குப் பிடித்த கோபுரத்திலிருந்தோ தெருமுனையிலிருந்தோ நேரடியாக மையில் தொடங்கிவிடுகிறார்கள். தாளின் முதல் ஒரு சாண் பகுதி அழகாக வந்துவிடும். அதற்குப் பிறகுதான் தெருக்கள் ஒன்றோடொன்று சேர மறுக்கும், பெயர் எழுத இடம் இருக்காது, ஊரின் மறுகோடி தாளின் ஓரத்தில் நசுங்கி நிற்கும். இந்த வேலையில் நுணுக்கம் கடைசியாக வர வேண்டும். படம் எந்தக் கேள்விக்கு விடை சொல்லப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அடுத்துத் தெருக்களின் எலும்புக்கூடு, அதன்பின் பெயர்கள், அதற்கும் பிறகுதான் கட்டடங்களும் தூண்களும் மரங்களும். இந்த வரிசையை மதுரையின் பழைய நகரத்தைக் கொண்டு விளக்குகிறேன். எந்த ஊரை வரைந்தாலும் வரிசை இதுதான், ஆனால் மதுரை அதைக் கண்டிப்பாகக் கற்றுத்தருகிறது.

மீனாட்சி அம்மன் கோயிலின் மதிலுக்குள் ஆடி வீதிகள். மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள். அவற்றைச் சுற்றி ஆவணி மூல வீதிகள். அதற்கும் வெளியே தேர் ஓடும் மாசி வீதிகள். கடைசியில் வெளி வீதிகள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், பிளாக்பர்ன் ஆட்சியராக இருந்த காலத்தில் இடிக்கப்பட்ட கோட்டையின் சுவடுதான் இந்த வெளி வீதிகள். கேட்கும்போது ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சதுரங்கள் போலத் தோன்றினாலும், நடந்து அளந்தால் அவை சதுரங்கள் அல்ல என்பது தெரியும். பக்கங்கள் லேசாக வளைகின்றன, மூலைகள் செங்கோணத்தில் திரும்புவதில்லை, கோயிலிலிருந்து விலக விலக ஒழுங்கு தளர்கிறது. ஸ்கேல் வைத்து நான்கு சதுரங்கள் போட்டுவிட்டு நடுவில் கோயிலை வரைந்தால் கிடைப்பது மதுரை அல்ல, மதுரை பற்றிய ஒரு சின்னம். வரைபடமாக வேண்டுமென்றால் அந்தக் கோணல்களைக் கோணல்களாகவே பிடிக்க வேண்டும்.

கேள்வியும் அளவும்

"மதுரையை வரையப்போகிறேன்" என்பது போதாது. தேர் எந்த வழியாகச் செல்கிறது என்று காட்டும் படமும், எந்தச் சரக்கு எந்தத் தெருவில் கிடைக்கும் என்று காட்டும் படமும் ஒரே தெருக்களைக் கொண்டு வரையப்பட்டாலும் வெவ்வேறு படங்கள். முதலாவதில் மாசி வீதிகளின் அகலமும், தேர் திரும்பும் நான்கு மூலைகளின் வளைவும், கீழ மாசி வீதித் தேரடியும் துல்லியமாக வேண்டும். உள் சந்துகளை மெல்லிய கோடாக விட்டுவிடலாம். இரண்டாவதில் தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகளும் கீழ மாசி வீதியின் மளிகை மொத்தக் கடைகளும் வாசல் வாசலாக வேண்டும். தேர் திரும்பும் வளைவு பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைப்பது நல்லது. எதை விடுவது என்று தயங்கும்போதெல்லாம் அந்த வாக்கியம் பதில் சொல்லும்.

அடுத்தது அளவுவீதம். மாசி வீதிகளுக்குள் அடங்கும் பகுதி எந்தப் பக்கத்திலும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டாது. 1:2000 என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டர் தாளில் 50 சென்டிமீட்டர் ஆகும், 59.4 க்கு 84.1 சென்டிமீட்டர் உள்ள ஏ1 தாளில் அது ஓரங்களுடன் வசதியாக அமரும். இந்த அளவில் 10 மீட்டர் அகலத் தெரு 5 மில்லிமீட்டர். 3 மீட்டர் சந்து ஒன்றரை மில்லிமீட்டர். ஏறத்தாழ 250 மீட்டர் நீளும் கோயில் மதில் பன்னிரண்டரை சென்டிமீட்டர். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிட்டால் பல ஏமாற்றங்கள் தவிரும். ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள 985 தூண்களையும் ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், முக்கால் மீட்டர் தடிமனுள்ள தூண் இந்த அளவில் அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது என்பதைக் கவனிக்க வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மெல்லிய மைப்பேனாவின் கோடே 0.2 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஆகவே அங்கே தூண்களை எண்ணி வரைய இயலாது. தூண்கள் அடர்ந்த மண்டபம் என்ற உணர்வைத் தரும் சீரான புள்ளிக் கட்டம்தான் இயலும். எண்ணிக்கை முக்கியமென்றால், ஓரத்தில் ஒரு சிறு கட்டத்தில் அந்த மண்டபத்தை மட்டும் 1:500-இல் தனியாக வரையலாம்.

எலும்புக்கூடு

அடிப்படைக் கோடுகளுக்கு இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தை நாடுவதில் தவறில்லை. ஆனால் வணிக நிறுவனங்களின் வரைபடங்களை ஒற்றி எடுத்து வெளியிடுவது அவற்றின் உரிம நிபந்தனைகளோடு மோதும். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை, அதன் பங்களிப்பாளர்களுக்கு உரிய குறிப்பைப் படத்தின் ஓரத்தில் இட்டுப் பயன்படுத்தலாம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்கள் பரந்த நிலப்பரப்பை, வைகையின் போக்கையும் சுற்றியுள்ள குன்றுகளையும் கண்மாய்களையும், வரைவதற்கு உதவும். ஆனால் அந்த அளவில் மாசி வீதிகள் முழுவதும் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால் தெரு வேலைக்கு அவை பயன்படா.

எந்த மூலத்தை எடுத்தாலும் ஒரே ஒரு தெருவின் நீளத்தையாவது நீங்களே டேப் பிடித்து அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோடு ஒன்றை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான கோட்டை, மிகுந்த சிரத்தையோடு சங்கிலி கொண்டு அளந்தார். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அந்தக் கோட்டின் மேல்தான் எழுந்தது. நமக்கு அவ்வளவு வேண்டாம். விடியற்காலையில் ஒரு நண்பரோடு சென்று, கீழச் சித்திரை வீதியை மூலைக்கு மூலை 30 மீட்டர் டேப்பால் அளந்துவிட்டால் போதும். அச்செடுத்த வரைபடம் உண்மையிலேயே 1:2000-இல் இருக்கிறதா என்று அந்தக் கோடு உடனே சொல்லிவிடும். பிரிண்டர்கள் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற அமைப்பில் இருந்தால் சத்தமில்லாமல் மூன்று, நான்கு சதவீதம் சுருக்கிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுருக்கம் மூன்று தெரு தள்ளிப் பெரிய குழப்பமாக வெளிப்படும்.

மற்ற தெருக்களுக்கு உங்கள் நடையே அளவுகோல். தரையில் 30 மீட்டரைக் குறித்துக்கொண்டு, இயல்பான நடையில் பலமுறை கடந்து, வலது கால் ஊன்றுவதை மட்டும் எண்ணுங்கள். 20 முறை ஊன்றினால் ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர். இரு கால்களையும் எண்ணுவதைவிட இது எளிது. எண்ணிக்கை தவறுவதும் குறைவு. கூட்டத்தில் நடை சிதறும் என்பதால் கடை திறப்பதற்கு முன் இந்த வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். திசைக்குக் கைப்பேசியின் திசைகாட்டி போதும்; ஆனால் இரும்பு ஷட்டர்களும் டிரான்ஸ்பார்மர்களும் நிறுத்திவைத்த வண்டிகளும் அதைக் குழப்பும். ஆகவே தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பார்த்து ஒரு கோணமும், அங்கே சென்று திரும்பிப் பார்த்து ஒரு கோணமும் குறியுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு 180 பாகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அருகில் ஏதோ இரும்பு இருக்கிறது. சற்றுத் தள்ளி நின்று மீண்டும் பாருங்கள்.

குறிப்பேட்டில் எழுதும் முறைக்கு நில அளவையாளர்களின் பழைய வழக்கத்தைவிடச் சிறந்ததை நான் கண்டதில்லை. பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக இரண்டு கோடுகள் போட்டு ஒரு பத்தி அமைக்க வேண்டும். அந்தப் பத்திதான் நீங்கள் நடக்கும் பாதை. எழுதுவது பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி. தொடங்கும் மூலையில் பூஜ்யம். ஏழாவது ஊன்றலில் இடப்பக்கம் ஒரு சந்து என்றால் பத்தியில் 7 என்று எழுதி, இடப்புறம் 'சந்து' என்று குறிக்க வேண்டும். பதினொன்றில் வலப்பக்கம் திண்ணையுள்ள மாடிவீடு தொடங்கினால் 11 என்று எழுதி வலப்புறம் அதைக் குறிக்க வேண்டும். ஏட்டைக் கையில் பிடித்து நடக்கும்போது தெருவின் இடம் தாளின் இடமாகவும், தெருவின் வலம் தாளின் வலமாகவும், முன்னால் இருப்பது மேலேயும் அமைந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து வாரங்கள் கழித்துப் படித்தாலும் எந்தப் பக்கம் எது என்ற ஐயம் எழாது. ஒரு பக்கத்துக்கு ஒரு தெருத்துண்டுக்கு மேல் எழுத வேண்டாம்.

கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை என்பதால் ஆடி வீதிகளையும் பொற்றாமரைக் குளத்தையும் ஊன்றலை எண்ணியும் நினைவில் கொண்டுமே பதிவு செய்ய வேண்டியிருக்கும். வெளியே வந்த உடனே ஒரு மண்டப நிழலில் அமர்ந்து எழுதிவிடுங்கள். மாலைக்குத் தள்ளினால் எண்கள் கலந்துவிடும்.

தாளுக்குக் கொண்டுவரும்போது ஒரு சோதனை உண்டு. ஒரு சுற்றுத் தெருவை முழுமையாக நடந்து தொடங்கிய இடத்துக்கே வந்தால், தாளிலும் கோடு தொடங்கிய புள்ளியில் முடிய வேண்டும். நடையால் அளந்தது அப்படி ஒருபோதும் முடியாது. சுற்று 1000 மீட்டர், முடிவில் விழும் இடைவெளி 12 மீட்டர் என்று வையுங்கள். தாளில் அது 6 மில்லிமீட்டர். கடைசித் தெருவை மட்டும் இழுத்து ஒட்டவைப்பது எல்லோருக்கும் தோன்றும் வழி. ஆனால் அது ஒரு தெருவைப் பொய்யாக்கிவிடும். பிழையைச் சுற்று முழுவதும் பங்கிட வேண்டும்: 250 மீட்டரில் உள்ள புள்ளியை 3 மீட்டரும், 500-இல் உள்ளதை 6 மீட்டரும், 750-இல் உள்ளதை 9 மீட்டரும், இறுதிப் புள்ளியை 12 மீட்டரும் இடைவெளியை மூடும் திசையில் நகர்த்தினால் எல்லாத் தெருக்களும் சிறிதளவு விட்டுக்கொடுத்துச் சுற்று மூடிக்கொள்ளும். இடைவெளி இதைவிட மிகப் பெரிதாக இருந்தால் எங்கோ ஒரு தெருவை எண்ணத் தவறியிருக்கிறீர்கள். பங்கிடாமல் மறுபடி நடப்பதே வழி.

எதை மேலிருந்து பார்ப்பது, எதை நின்று பார்ப்பது

தெருக்கள் மேலிருந்து பார்த்ததாகவும் கோபுரங்கள் எதிரே நின்று பார்த்ததாகவும் ஒரே தாளில் அமைவது நம் பழைய தலப்படங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இரண்டையும் சேர்க்கும்போது இடம் மறைபடும். தெற்குக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 52 மீட்டர். வடக்கு மேலே இருக்கும் படத்தில் அதை உண்மை உயரத்துக்கு நிமிர்த்தி வரைந்தால் தாளில் 2.6 சென்டிமீட்டர் எழுந்து, பின்னால் உள்ள 52 மீட்டரை, அதாவது தெற்கு ஆடி வீதியையும் அதற்கு அப்பால் சிறிது தூரத்தையும், மூடிவிடும். வடக்கு மொட்டைக் கோபுரம் நிமிர்ந்தால் வடக்குச் சித்திரை வீதி காணாமற்போகும். ஹெர்மன் போல்மன் என்ற ஜெர்மானிய ஓவியர் நியூயார்க்கின் வானுயரக் கட்டடங்களை இவ்வகைச் சாய்வுப் படமாக வரைந்தபோது, கட்டடங்கள் ஒன்றையொன்று மறைக்காமல் இருக்கத் தெருக்களை வேண்டுமென்றே அகலப்படுத்தினார். அந்த உத்தி நேர்மையானதே. ஆனால் தேரோடும் வீதியின் அகலமே பேசுபொருளாக உள்ள படத்தில் அதைக் கையாள முடியாது. அங்கே கோபுரங்களின் உயரத்தைப் பாதியாகக் குறைப்பதையே நான் பரிந்துரைப்பேன். நான்கு கோபுரங்களையும் ஒரே விகிதத்தில் குறைத்து, அதை ஓரக்குறிப்பில் சொல்லிவிட்டால் போதும். நான்கையும் அவற்றின் திசைக்கேற்ப வெளிநோக்கிப் படுக்கவைத்து வரையும் பழைய வழியும் உண்டு. தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வைக்கும் அந்தப் படம் சுவரில் மாட்டுவதற்குப் பொருந்தாது, தரையில் விரித்துப் பார்க்க அருமையாக இருக்கும்.

இன்னொரு முடிவு, எது வெளி, எது கட்டடம் என்பது. 1748-இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஜாம்பட்டிஸ்டா நொல்லி வெளியிட்ட ரோம் நகர வரைபடத்தில் வீடுகள் கருமையாக நிரப்பப்பட்டிருக்க, தெருக்களைப் போலவே தேவாலயங்களின் உட்புறமும் வெள்ளையாக விடப்பட்டுள்ளது. மக்கள் தடையின்றி நடமாடும் இடம் எல்லாமே அவருக்கு ஒரே வெளி. மதுரைக்கு இது மிகவும் பொருந்தும். புது மண்டபத்தையும் கோயிலின் பிராகாரங்களையும் கல் என்று நினைத்துக் கருப்பாக நிரப்பினால் நகரத்தின் நடுவே ஒரு பெரிய பாறை விழுந்ததுபோல் இருக்கும். அவற்றை வெள்ளையாக விட்டுத் தூண் வரிசையை மட்டும் புள்ளிகளால் காட்டினால், கிழக்கிலிருந்து வருகிற ஒருவர் எப்படித் தெருவிலிருந்து மண்டபத்துக்கும் மண்டபத்திலிருந்து சன்னதிக்கும் செல்கிறார் என்பது படத்திலேயே ஓடும்.

பெயர்கள்

பெயர்களை எழுதிய பிறகே கட்டடங்களை வரைய வேண்டும். இதை மாற்றிச் செய்தால், மணிக்கணக்கில் வரைந்த ஓட்டுக் கூரைகளின் மேல்தான் 'வடக்கு ஆவணி மூல வீதி' என்று எழுத வேண்டியிருக்கும். டிரேசிங் பேப்பரில் எல்லாப் பெயர்களையும் முதலில் எழுதி, எலும்புக்கூட்டின் மேல் வைத்து நகர்த்திப் பார்த்து, இடம் உறுதியானதும் பென்சிலில் இறக்க வேண்டும்.

தமிழ் எழுத்துக்கு இங்கே சில தனித் தேவைகள் உண்டு. இகர, ஈகாரக் கொக்கிகள் மேலே எழுகின்றன. உகர, ஊகாரச் சுழிகள் கீழே இறங்குகின்றன. ஆகவே 2 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு உண்மையில் 4 மில்லிமீட்டர் உயரம் ஒதுக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் அகலத் தெருவில் அது சரியாக அமரும். ஒன்றரை மில்லிமீட்டர் சந்தில் அமராது. சந்தின் பெயரைப் பக்கத்துக் கட்டடத் தொகுதியின் மேல் எழுதி, அந்த இடத்தை வெள்ளையாக விட வேண்டும். நீண்ட தெருவின் பெயரைத் தெரு முழுவதும் பரவ எழுதும்போது இடைவெளி முழு எழுத்துகளுக்கு நடுவில்தான் வரலாம். 'கோ' என்பதன் கொம்பையும் காலையும் ககரத்திலிருந்து பிரித்தால் மூன்று அந்நியர்கள் நிற்பதுபோல் ஆகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியைச் சற்றுப் பெரிதாகவும் எழுத்திலிருந்து தெளிவாக விலக்கியும் வையுங்கள். படத்தைச் சுருக்கி அச்சிடும்போது முதலில் மறைவது அதுதான். நீர்நிலைகளின் பெயரைச் சாய்வெழுத்தில் எழுதும் மேலைநாட்டு வழக்கம் தமிழில் அழகாக வருவதில்லை. நீல மை அந்த வேலையைச் செய்யும். தெருப்பெயர்களில் கீழ, மேல என்ற ஊர் வழக்கையே வையுங்கள். 'கிழக்கு மாசி வீதி' என்று திருத்தி எழுதினால் மதுரைக்காரர் முகம் சுளிப்பார்.

மை

தாள் தடிமனாக, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அளவில், வழவழப்பான பரப்புள்ளதாக இருக்கட்டும். சொரசொரப்பான நீர்வண்ணத் தாளில் மெல்லிய பேனா தடுமாறும், முனையும் விரைவில் தேயும். நீரில் கரையாத நிறமி மைப்பேனாக்களில் மூன்று தடிமன்கள் போதும்: முதன்மை வீதிகளின் ஓரத்துக்கும் மதிலுக்கும் 0.5, கட்டடங்களுக்கும் எழுத்துக்கும் 0.25, நிழலுக்கும் ஓட்டுக் கூரைக்கும் 0.2 மில்லிமீட்டர். ஐந்தாறு தடிமன்களைக் கலந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

முதலில் எழுத்துகளுக்கு மை போடுங்கள். அடுத்து வீதி ஓரங்கள், பிறகு கட்டட எல்லைகள், கடைசியில் கூரை வரிகளும் நிழலும். வலக்கைக்காரர்கள் மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது நோக்கி நகர வேண்டும்; உள்ளங்கையின் கீழ் எப்போதும் ஒரு வெற்றுத்தாள் இருக்க வேண்டும், ஏனெனில் நம் ஊர் வெயிலில் கை வியர்வை பட்ட இடத்தில் மை பிறகு ஒட்டாது. நிழலை எல்லாக் கட்டடங்களுக்கும் ஒரே திசையில், வலப்புறமும் கீழ்ப்புறமும், போடுவது வழக்கம்; ஒளி தாளின் மேல் இடது மூலையிலிருந்து வருவதாகக் கொண்டால்தான் கட்டடங்கள் எழுந்து நிற்பதாகக் கண் உணர்கிறது. வெயில் அப்படி விழுவதில்லையே என்று கேட்பவர்களுக்கு இது வெறும் வழக்காறு என்பதே பதில். நேர்கோடுகளை ஸ்கேல் இல்லாமல் பென்சில் கோட்டின் மேல் கையாலேயே இழுங்கள். இடம் துல்லியமாக இருக்கும்போது கோட்டின் சிறு நடுக்கம் படத்துக்கு உயிர் தரும், இடம் தவறியிருந்தால் எவ்வளவு நேரான கோடும் உதவாது. தவறிய கோட்டை மை நன்றாக உலர்ந்தபின் பிளேடின் முனையால் மெல்லச் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து மட்டமாக்கிவிட்டு வரையலாம். ஒரே இடத்தில் இரண்டாம் முறை சுரண்டத் தாள் இடம் தராது.

ஒரே தொகுதியை மட்டும் முழு நுணுக்கத்தோடு முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகும் ஆசையை அடக்குங்கள். படம் முழுவதும் கட்டட எல்லைகள் முடிந்த பிறகு சில அடி தள்ளி நின்று பார்த்தால் எந்தப் பகுதி ஏற்கெனவே அடர்த்தியாக இருக்கிறது என்பது தெரியும். கூரை வரிகளை அங்கே குறைத்து, உங்கள் கேள்விக்கு முக்கியமான வீதிகளின் அருகே கூட்ட வேண்டும்.

படத்தைச் சுருக்கி அச்சிடும் எண்ணம் இருந்தால், பாதியாகச் சுருங்கும்போது 0.2 மில்லிமீட்டர் கோடு 0.1 ஆகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். முக்கால் பங்குக்குக் கீழே சுருக்காதிருப்பது நல்லது. கோட்டு ஓவியத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் வேண்டும். பெரிய தாளைப் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டுவதைவிட, கட்டட வரைபடங்களை நகலெடுக்கும் கடைகளில் உள்ள அகல ஸ்கேனரில் ஒரே தடவையில் எடுத்தால் தெருக்கள் முறியாது. அளவைக் குறிக்க 1:2000 என்ற எண்ணை மட்டும் நம்பாமல் 100 மீட்டர் நீளக் கோடு ஒன்றை வரைந்து வையுங்கள். சுருக்கிய பிரதியில் எண் பொய்யாகும், கோடு தானும் சேர்ந்து சுருங்கிச் சரியாகவே இருக்கும். வடக்குக் குறி, தரவு மூலத்தின் உரிமைக் குறிப்பு, கோபுர உயரம் குறைக்கப்பட்ட விகிதம், தெருக்களை நடந்து பார்த்த மாதமும் ஆண்டும் ஆகியவை கீழ் ஓரத்தில் ஒரே சிறு கட்டத்தில் அடங்கட்டும். வரைந்து முடித்த தேதியைவிட நடந்து பார்த்த தேதிதான் அங்கே வேண்டும், ஏனெனில் படத்தில் உள்ள கடைகளும் திண்ணைகளும் அந்த மாதத்தில் அங்கே இருந்தவை.